ஒகேனக்கல் போறீங்களா? மலைக்காட்டுக்கும் அனுமதி வேண்டும்!

பென்னாகரத்தில் இருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் மலைச்சாலையில் வண்டியை ஓரங்கட்டி, "ஒரு செல்ஃபி எடுத்துட்டுப் போகலாம்"னு தோணும். தயவுசெய்து வேண்டாம். கோடையில் காவிரித் தண்ணீரைத் தேடி யானைகள் இறங்கும் வழி அது. யானை சாலையில் நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் அடிக்காமல், கீழே இறங்காமல் காத்திருங்கள். அதுவா ஒதுங்கிப் போகும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 504 சதுர கிலோமீட்டர் காட்டை 2014-ல் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயமாக அரசு அறிவித்தது. 2022-ல் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்கு சரணாலயமும் வந்தது. கர்நாடகத்தின் காவிரி சரணாலயத்தோடு இவை சேர்வதால் யானைகளுக்கு நீண்ட வழித்தடம் கிடைக்கிறது. ஆற்றங்கரையில் நீர்நாய், முதலை, சாம்பல் நிற மலை அணில் எல்லாம் உண்டு. முதலை இருக்கும் ஆறு என்பதால், அனுமதிக்கப்பட்ட இடம் தவிர வேறெங்கும் குளிக்க இறங்காதீர்கள்.

சரணாலயத்துக்குள் நுழைய 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறை அனுமதி கட்டாயம். "உள்ளூர்க்காரர் ஒருத்தர் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னார்" என்பது அனுமதி ஆகாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் பற்றிய காட்டுத்தீயில், மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறந்துவிடக் கூடாது. மலையேற ஆசையா? 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் பாதையைத் தேர்ந்தெடுத்து, மொபைலிலேயே முன்பதிவு செய்யலாம். பயிற்சி பெற்ற வழிகாட்டி கூடவே வருவார். தீ அபாயக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். அதனால் தேதியைப் பார்த்துவிட்டு லீவு போடுங்க.

காடு மட்டும்தான் பார்க்கணும்னு இல்லை. அரூர் பக்கம் சித்தேரி மலையில் மலையாளி பழங்குடியினர் வாழ்கிறார்கள். பெயரைக் கேட்டு கேரளம்னு நினைக்காதீங்க. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள், பேசுவது தமிழ்தான். முன்னோர் காஞ்சிபுரத்தில் இருந்து வந்ததாகச் சொல்வார்கள். சாமை, தினை கிடைத்தால் அவர்களிடமே காசு கொடுத்து வாங்குங்கள். வீட்டையும் குழந்தைகளையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். திரும்பும் வழியில் தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களையும் பார்த்துவிடலாம். ஆநிரை மீட்கும் போரில் இறந்த வீரர்களுக்கு எழுப்பியவை பல.

இந்த மாவட்டத்தில் சில மலைகள் எவ்வளவு தொலைவு என்றால், பென்னாகரம் வட்டத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களே கழுதை மேல்தான் போயிருக்கின்றன! ஆகவே சிக்னலை நம்ப வேண்டாம். வரைபடத்தையும் அனுமதிச்சீட்டையும் முன்பே தரவிறக்கிக் கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112. கண்ணாடி பாட்டிலைக் காட்டில் வீசாதீர்கள். உடைந்த சில்லு யானையின் பாதத்தைக் கிழித்துவிடும்.