நாற்பது வாரக் கணக்கு

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான வளாகங்களில் வகுப்புகள் செப்டம்பர் கடைசியில் தொடங்குகின்றன. சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு, அப்படிப்பட்ட வளாகம் ஒன்றில் மூன்றாம் ஆண்டில் நேராகச் சேரும் உளவியல் மாணவி ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பத்து வாரங்களாக மூன்று காலாண்டுகள் ஓடினால் ஒரு வருடம் முடிந்துவிடும். கோடை விடுமுறைக்குப் பிறகு வருவதே இறுதியாண்டு. மருத்துவ உளவியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்க விரும்பினால், விண்ணப்பிக்கும் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியிலேயே வந்துவிடும். அதற்குள் தன்னை நன்றாக அறிந்த மூன்று பேராசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த அனுபவத்தையும் காட்ட வேண்டும்.

அவளுக்குக் கிடைப்பது சுமார் நாற்பது வாரங்கள். முதலாண்டிலேயே அதே வளாகத்தில் சேர்ந்த பக்கத்து இருக்கை மாணவருக்கு நூறு வாரங்கள்.

இந்த வித்தியாசத்தை, இப்படி இடையில் மாறிவரும் ‘டிரான்ஸ்ஃபர்’ மாணவர்களிடம் யாரும் முதல் நாளே சொல்வதில்லை. எத்தனை யூனிட் (பாட அலகு) வேண்டும், எந்த கிரேடு வேண்டும், எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று ஆலோசகர்கள் சொல்கிறார்கள். அத்தனையும் தேவைதான். ஆனால் உளவியலைப் பொறுத்தவரை, பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதற்கு மட்டும் திட்டமிட்டு வருகிறவர்கள், நுழைந்த பிறகு நேரம் போதாமல் தவிக்கிறார்கள். திட்டத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போட்டுக்கொண்டு வர வேண்டும். அது தொடங்க வேண்டிய இடம் சமுதாயக் கல்லூரியின் முதல் செமஸ்டர்.

இந்தப் பாதையைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். ஒரு கல்லூரியில் பாதிப் படிப்பை முடித்துவிட்டு இன்னொன்றில் மீதியைத் தொடர்வது நம் ஊரில் அரிது. மாறியே ஆக வேண்டும் என்றால் பல்கலைக்கழக அனுமதி, பாடங்கள் ஒத்துப்போகின்றனவா என்ற சான்று என்று அலைய வேண்டும். கலிபோர்னியாவில் அது ஒதுக்குப்புறப் பாதை அல்ல. 1960-இல் கிளார்க் கெர் தலைமையில் பல்கலைக்கழகத்தை நடத்தியவர்கள் மாநிலத்துடன் சேர்ந்து வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டமே இதை ராஜபாட்டையாக வைத்தது. சமுதாயக் கல்லூரி எல்லோருக்கும் திறந்திருக்கும். அங்கே முதல் இரண்டு ஆண்டுகளைத் தேறியவர்கள் மேலே போகலாம். இன்று மாநிலத்தில் 116 சமுதாயக் கல்லூரிகள் உள்ளன. இரண்டு முதலாண்டு மாணவருக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் மாணவர் என்ற விகிதத்தில் சேர்க்க வேண்டும் என்பது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இலக்கு.

இந்தப் பாதைக்குப் பணம் முக்கியமான காரணம். மாநிலத்தில் வசிப்பவருக்குச் சமுதாயக் கல்லூரியில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். மாறுவதற்குத் தேவையான 60 செமஸ்டர் யூனிட்டுகளுக்கும் கல்விக் கட்டணம் மொத்தம் 2,760 டாலர்தான். பல்கலைக்கழகத்தில் ஒரே ஆண்டுக்கு இதைப்போலப் பல மடங்கு ஆகும். அதனால் இரவுப்பணி முடித்து வருகிறவர்கள், குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிற தாய்மார்கள், ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுகிறவர்கள் என்று பலரும் இந்த வகுப்பறைகளில் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். மனித மனத்தைப் படிக்க இதைவிடப் பொருத்தமான வகுப்புத் தோழர்கள் கிடைப்பது கடினம்.

முதல் வேலை, ‘அசிஸ்ட்’ என்ற இணையதளத்தைத் திறப்பது. எந்தச் சமுதாயக் கல்லூரியின் எந்தப் பாடத்தை எந்த வளாகம் எதற்கு ஈடாக ஏற்கும் என்ற ஒப்பந்தங்கள் அங்கே இருக்கின்றன. மாணவர்கள் பலர் இதை ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஒரே பல்கலைக்கழகத்தின் வளாகங்களுக்குள்ளேயே உளவியலுக்கான முன்தேவைகள் மாறும் என்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. உளவியல் அறிமுகமும் புள்ளியியலும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் வேண்டும். ஆய்வு முறையியல், உயிரியல் சார்ந்த உளவியல் ஆகியவற்றைச் சில வளாகங்கள் கேட்கும். உயிரியல், வேதியியல், இயற்பியல் என்று அறிவியல் பாடங்களைக் கேட்கும் வளாகமும் உண்டு. கணிதத்தில் ஒரு படி மேலே போகச் சொல்லும் வளாகமும் உண்டு. எனவே நான்கு வளாகங்களுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர் நான்கு ஒப்பந்தங்களையும் அருகருகே வைத்து, எல்லாவற்றிலும் கடினமானது எதுவோ அதைத் தன் பட்டியலாக்கிக்கொள்வது நல்லது. ஒப்பந்தங்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் என்பதால் ஒவ்வொரு பதிவுக் காலத்திலும் மீண்டும் பார்க்க வேண்டும்.

அறிமுகப் பாடத்துக்கே ஒரு கல்லூரியில் ஒரு எண், அடுத்த கல்லூரியில் வேறு எண் என்றிருந்த குழப்பம் இப்போதுதான் தீரத் தொடங்கியிருக்கிறது. 2021-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி எல்லாச் சமுதாயக் கல்லூரிகளுக்கும் பொதுவான பாட எண்கள் வருகின்றன. 2025 இலையுதிர்காலத்தில் முதல் தவணையாக வந்த ஆறு பாடங்களில் உளவியல் அறிமுகமும் புள்ளியியல் அறிமுகமும் இருக்கின்றன. இரண்டு கல்லூரிகளில் மாறி மாறிப் படித்து, ‘இந்தப் பாடம் செல்லுமா?’ என்று ஆலோசகர் அறை வாசலில் காத்திருந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆய்வு முறையியலுக்கும் இது சீக்கிரம் வர வேண்டும்.

இனி புள்ளியியலுக்கு வருவோம். உளவியல் என்றால் கணக்கு இல்லாத படிப்பு என்று நினைத்துச் சேருகிறவர்கள் இன்றும் ஏராளம். அவர்கள் புள்ளியியலைக் கடைசி செமஸ்டர் வரை தள்ளிப்போடுகிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். ஏனென்றால் இந்தத் துறை எதை நம்புகிறது, எதை நம்ப மறுக்கிறது என்று கற்றுத் தருவதே அந்தப் பாடம்தான். மனச்சோர்வு உள்ள நூறு பேரில் பாதிப் பேருக்குப் பேச்சு சிகிச்சை தருகிறோம். மீதிப் பேரைக் காத்திருப்போர் பட்டியலில் வைக்கிறோம். மூன்று மாதம் கழித்து முதல் குழு தேறியிருக்கிறது. தேறியது சிகிச்சையாலா, காலப்போக்கிலா, தற்செயலா? இதைப் பிரித்தறியத் தெரியாதவர், தன் முன் அமரப்போகும் நோயாளிக்கு எந்தச் சிகிச்சையை எந்த நியாயத்தில் பரிந்துரைப்பார்?

அமெரிக்காவில் மருத்துவ உளவியல் படிப்பின் வடிவத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்து வீடு திரும்பிய வீரர்களுக்கு மனநலச் சிகிச்சை தர ஆட்கள் போதவில்லை. அந்த நெருக்கடியில், 1949-இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் கூடிய மாநாடு, மருத்துவ உளவியலாளர் சிகிச்சையாளராகவும் அறிவியலாளராகவும் பயிற்சி பெற வேண்டும் என்று முடிவு செய்தது. 1973-இல் அதே மாநிலத்தின் வெய்ல் நகரில் கூடிய மாநாடு, சிகிச்சைப் பயிற்சிக்கே முதலிடம் தரும் தொழில்முறை முனைவர் பட்டத்தை அங்கீகரித்தது. இன்று மாணவர் முன்னால் இருக்கும் இரண்டு பெரிய வழிகள் இவைதாம். முதல் வகையில் இடம் கிடைப்பது மிகக் கடினம். ஆனால் சேர்ந்தவருக்குப் பெரும்பாலும் கட்டண விலக்கும் உதவித்தொகையும் உண்டு. இரண்டாம் வகையில் பெரும்பாலும் சொந்தப் பணமோ கடனோதான். ஆய்வுக்கூட அனுபவம் முதல் வகைக்கு இன்றியமையாதது. நாற்பது வாரக் கணக்கு அங்கேதான் கழுத்தைப் பிடிக்கிறது.

எனவே என் யோசனை இது. புள்ளியியலை இரண்டாம் செமஸ்டருக்குள் எடுத்துவிடுங்கள். உங்கள் கல்லூரியில் ஆய்வு முறையியல் இருந்தால் அதை அடுத்த செமஸ்டரில் எடுங்கள். அப்போது பல்கலைக்கழகத்தில் முதல் காலாண்டிலேயே ஒரு பேராசிரியருக்கு, ‘தரவை ஒழுங்குபடுத்தத் தெரியும், எளிய பகுப்பாய்வு செய்யத் தெரியும்’ என்று எழுதிக் கேட்க முடியும். இரண்டாம் காலாண்டில் ஆய்வுக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்தவருக்கு டிசம்பருக்குள் மூன்று காலாண்டு அனுபவம் சேரும். முன்தேவைகளை முடிக்காமல் வந்தவர் முதல் வருடத்தை அவற்றிலேயே செலவழித்துவிடுவார்.

சமுதாயக் கல்லூரியில் உளவியல் விருப்பப் பாடங்களை அள்ளி எடுப்பவர்களும் உண்டு. மனநோய்க் கூறுகள், சமூக உளவியல் என்று பெயர் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் பல வளாகங்களில் இவை மூன்றாம், நான்காம் ஆண்டுப் பாடங்கள். கீழ்நிலையில் படித்ததை அதற்கு ஈடாக ஏற்பதில்லை. 70 செமஸ்டர் யூனிட்டுக்கு மேல் பட்டத்துக்கான கணக்கிலும் சேராது. ஆசைக்கு ஒன்று எடுக்கலாம். மிச்ச இடத்தைப் பொதுக்கல்வித் தேவைகளுக்கும், உயிரியல் போன்ற முன்தேவைகளுக்கும் வைத்துக்கொள்வது மேல்.

மாறிவந்த முதல் பருவத்தில் மதிப்பெண் சரிவதை 1965-இல் ஜான் ஹில்ஸ் என்பவர் ‘டிரான்ஸ்ஃபர் அதிர்ச்சி’ என்று குறித்தார். அறுபது ஆண்டு கழித்தும் அந்தச் சொல் வழக்கிலிருக்கிறது. பதினாறு வாரச் செமஸ்டருக்குப் பழகியவர் பத்து வாரக் காலாண்டில் நுழைந்தால் நான்காம் வாரத்திலேயே இடைத்தேர்வு வந்து நிற்கும். பெர்க்லி, மெர்செட் வளாகங்களில் மட்டும் செமஸ்டர் முறை. முதல் காலாண்டில் அளவோடு பாடம் எடுப்பது கோழைத்தனம் அல்ல. சமுதாயக் கல்லூரி கிரேடுகள் பல்கலைக்கழகச் சராசரியில் சேர்வதில்லை. அங்கே சராசரி புதிதாகத் தொடங்குகிறது. முதல் சறுக்கலைச் சமன்செய்ய இருக்கும் காலமும் குறைவு.

விண்ணப்பக் காலத்தைப் பற்றிச் சுருக்கமாக. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் நிபந்தனைகளை நிறைவு செய்பவருக்கு இடத்தை முன்கூட்டியே உறுதி செய்யும். அதற்கு செப்டம்பரில் மனு கொடுக்க வேண்டும், ஒரே ஒரு வளாகத்துக்குத்தான். பொது விண்ணப்பம் இலையுதிர்காலத்தில். அதில் தேர்ந்தெடுத்த பாடத்துக்கு எப்படித் தயாரானீர்கள் என்ற கேள்விக்கு டிரான்ஸ்ஃபர் மாணவர் எல்லோரும் 350 சொற்களுக்குள் பதில் எழுத வேண்டும். குடும்பத்தில் யாருக்கோ மனநோய் இருந்தது, அதனால் உளவியல் படிக்கிறேன் என்று மட்டும் எழுதி நிறுத்துகிறவர்கள் அதிகம். அந்த வலி உண்மையானது, அதை மதிக்கிறேன். ஆனால் அங்கே கேட்கப்படுவது தயாரிப்பு. எந்தப் பாடத்தில் எந்த ஆய்வைப் படித்து எந்தக் கேள்வி எழுந்தது என்பதையும் எழுத வேண்டும்.

எல்லோருக்கும் முனைவர் பட்டம் வேண்டியதில்லை. ஆனால் இளங்கலைப் பட்டத்தை வைத்துக்கொண்டு யாரும் சுயமாகச் சிகிச்சை தர முடியாது என்பதைச் சேரும்போதே தெரிந்துகொள்ள வேண்டும். கலிபோர்னியாவில் திருமண, குடும்ப சிகிச்சையாளர் உரிமம் பெற முதுகலைப் பட்டமும், மேற்பார்வையின் கீழ் 3,000 மணி நேரப் பணியும், தேர்வுகளும் வேண்டும். இந்த வழியை விரும்புகிறவருக்கு ஆய்வுக்கூடத்தைவிடத் தற்கொலைத் தடுப்புத் தொலைபேசி மையத்திலோ, காப்பகத்திலோ செய்யும் தன்னார்வப் பணி அதிகம் உதவும். அதைச் சமுதாயக் கல்லூரிக் காலத்திலேயே தொடங்கலாம்.

முனைவர் பட்டமே குறிக்கோள் என்றாலும், நாற்பது வாரத்துக்குள் எல்லாம் கூடிவராவிட்டால் பட்டம் வாங்கிய பிறகு ஒன்றிரண்டு ஆண்டு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு விண்ணப்பிப்பது இந்தத் துறையில் வெகு சாதாரணம். ‘ஒரு வருஷம் வீணாகிறதே’ என்று பெற்றோர் கேட்பார்கள். வீணாகாது. சம்பளம் வரும், கடிதம் எழுதும் பேராசிரியர் உங்களை உண்மையிலேயே அறிந்திருப்பார்.

மாநிலத்தின் இன்னொரு அரசுப் பல்கலைக்கழக அமைப்பான கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தை இரண்டாம் தரம் என்று ஒதுக்குகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். 2010-இல் வந்த சட்டத்தின்படி, உளவியலில் டிரான்ஸ்ஃபருக்கென வகுத்த இணைநிலைப் பட்டத்தை முடித்தவருக்கு அந்த அமைப்பில் மூன்றாம் ஆண்டு இடம் உறுதி. விரும்பிய வளாகமே கிடைக்கும் என்ற உறுதி இல்லை என்றாலும், மீதியிருக்கும் படிப்பு 60 யூனிட்டுக்கு மேல் போகாது. உரிமத்துக்கு வழிகாட்டும் முதுகலை ஆலோசனைப் படிப்புகள் அதன் பல வளாகங்களில் இருக்கின்றன. சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகம், அந்நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகத்துடன் சேர்ந்து மருத்துவ உளவியலில் முனைவர் பட்டமே நடத்துகிறது. வீட்டுக்கு அருகில் இருக்க வேண்டியவர்களும் வேலையை விட முடியாதவர்களும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த மாநிலப் பல்கலைக்கழக அமைப்புதான்.