மேகத்துக்குள் இறங்கும் பாதை

பாஞ்சாலங்குறிச்சிக்குத் தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டரில், வாகைக்குளத்தில் இருக்கிறது தூத்துக்குடி விமான நிலையம். 1992-இல் 1,350 மீட்டர் ஓடுபாதையோடு தொடங்கியது. புதிய முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. ஆண்டில் பெரும்பகுதி வானம் வெளுத்துக் கிடக்கும் சீமை இது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் மேகம் தாழ இறங்கி ஓடுபாதையை மறைக்கும். அப்படி மறைந்த ஓடுபாதைக்கு விமானியை அழைத்துவர உலகெங்கும் பயன்படுவது ஐ.எல்.எஸ். என்னும் கருவித்தொகுதி.

இதில் இரண்டு வானொலிக் கற்றைகள். ஓடுபாதையின் மறுகோடிக்கு அப்பால் நிற்கும் லோக்கலைசர் ஆன்டெனா இடம் வலம் காட்டும். அதன் அலையில் 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என இரண்டு ஒலிகள் ஏறியிருக்கும். இறங்கி வரும் விமானிக்கு இடப்பக்கம் 90 ஓங்கும், வலப்பக்கம் 150 ஓங்கும். இரண்டும் சமமாக இருக்கும் இடமே ஓடுபாதையின் நடுக்கோடு. விமானத்திலுள்ள கருவி இவ்விரண்டையும் ஒப்பிட்டு முள்ளை நகர்த்துகிறது. இவ்வளவு எளிய கணக்கில் இத்தனை உயிர்கள் பத்திரமாக இறங்குவதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

கிளைடு பாத் என்ற இரண்டாவது கற்றை இதே முறையில் உயரத்தைக் காட்டும். சரிவு வழக்கமாக 3 டிகிரி. பாஞ்சாலங்குறிச்சிக்கும் வாகைக்குளத்துக்கும் உள்ள அளவு தூரத்தில், இந்தச் சரிவில் வரும் விமானம் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும்.

பல இடங்களில் இந்தக் கற்றை, ஆன்டெனாவிலிருந்து நேராகப் போகும் அலையும் தரையில் பட்டுத் தெறிக்கும் அலையும் சேர்ந்து உருவாவது. அதனால் முன்னால் உள்ள நிலமும் கருவியின் ஒரு பகுதிதான். அது மேடுபள்ளமில்லாமல் இருக்க வேண்டும். சீமைக்கருவேலம் தலைதூக்கக் கூடாது. விமானம் இறங்கும்போது வண்டி எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது. மழைக்கு உப்பிக் கோடைக்கு வெடிக்கும் கரிசலில் இப்படியொரு சமதளத்தைக் காப்பது லேசான வேலையா!

ஆன்டெனா நட வசதியில்லாத சிறிய நிலையங்களுக்கு 'ககன்' என்ற நம் செயற்கைக்கோள் ஏற்பாடு கைகொடுக்கும். 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கர் நிலையத்தில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் அதன் துணையோடு இறங்கிக் காட்டியது.

முதல்நிலை ஐ.எல்.எஸ். துணை 200 அடி உயரம் வரைதான். அதற்குள் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணில் படாவிட்டால் விமானி மீண்டும் மேலேறியே ஆக வேண்டும். டெல்லி போன்ற பனிமூட்ட ஊர்களில் இன்னும் கீழே வரை வழிகாட்டும் உயர்நிலைக் கருவிகள் உண்டு. மழைநாளில் நீங்கள் போகும் விமானம் தரைக்கு அருகில் வந்து சட்டென மேலெழுந்தால் பதறாதீர்கள். விமானி தவறவிட்டுவிட்டார் என்று கடிந்துகொள்ளவும் வேண்டாம். விதி சொன்னதைத்தான் அவர் செய்கிறார்.