களி இருந்த தட்டில்

சித்தூர்ப் பக்கம் கேழ்வரகுக் களிக்குச் ‘சங்கட்டி’ என்று பெயர். தொட்டுக்கொள்ள வேர்க்கடலைத் துவையல், கொஞ்சம் கீரைக் கடைசல். ஏழை வீட்டுச் சாப்பாடு என்று பெயரெடுத்த இந்தத் தட்டில் இருப்பதைப் பாருங்கள்: 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து; அரிசியில் அது பத்து மில்லிகிராம் அளவுதான். வேர்க்கடலையின் எடையில் கால் பங்கு புரதம்.

1983-ல் ஆந்திரத்தில் என்.டி. ராமராவ் அரசு கிலோ 2 ரூபாய்க்கு அரிசி கொடுத்தது. பசி தணிந்தது, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அரிசி எளிதாகக் கிடைக்கக் கிடைக்க, களி தட்டில் சுருங்கியது. பசி தணிந்தாலும் சத்துக் குறை தீரவில்லை: 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஆந்திரத்தில் 58.8 சதவீதப் பெண்களுக்கும் 63.2 சதவீதச் சிறு குழந்தைகளுக்கும் ரத்தசோகை. 2023 மார்ச் முதல் அரசுப் பள்ளிகளில் வாரம் மூன்று நாள் வெல்லம் போட்ட ராகிக் கூழ் கொடுக்கத் தொடங்கினார்கள். கேழ்வரகு வீட்டு அடுப்புக்கும் திரும்ப வேண்டும்.

கையில் காசு குறைவென்றால் என்ன செய்வது? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எப்போதோ ஒரு சத்துமாவுக் கணக்குச் சொல்லிவிட்டது: வறுத்த கோதுமை 40 கிராம், வறுத்த கடலைப்பருப்பு 16, வறுத்த வேர்க்கடலை 10, வெல்லம் 20. ஒரு குழந்தைக்குச் சுமார் 330 கலோரி, 11 கிராம் புரதம். வேர்க்கடலையும் வெல்லத்துக்கான கரும்பும் சித்தூர் மண்ணிலேயே விளைகிறவை. பிள்ளைக்கு வாங்கித் தரும் பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டில் இந்தப் புரதம் கிடைக்காது.

செலவே இல்லாத வழிகளும் உண்டு. முருங்கைக் கீரையை இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால் அதிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதே சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

இதையெல்லாம் தாய்மாரை மட்டும் உட்காரவைத்துச் சொல்லிப் பயனில்லை. கர்ப்பிணிக்கென்று அங்கன்வாடி தரும் முட்டை, வீட்டுக்கு வந்ததும் நாலு பேருக்குப் பங்காகிவிடுகிறது. மாமியாரும் கணவனும் கூட இருந்து கேட்க வேண்டிய பாடம் இது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிறவளுக்குச் சோறும் தெளிந்த ரசமுமே மிஞ்சுகிறது. பந்திக்கு முன்பே அவளுக்கு ஒரு கிண்ணம் பருப்பையும் அந்த முட்டையையும் தனியே எடுத்து மூடி வையுங்கள்.