சித்திரத்துக்கு ஆன்மா உண்டோ?

வெள்ளவத்தையிலாயினும் கொட்டாஞ்சேனையிலாயினும் நம்மவர் இல்லங்களின் முன்கூடத்தில் மூதாதையர் படமொன்று தொங்கக் காண்கிறோம். அப்படத்துக்கு நிற்கவே மறுத்த பாட்டிமாரும் உண்டு. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்பது அவர்கள் அச்சம். இதை எண்ணும்போதெல்லாம் பிரெஞ்சு நாட்டுச் சரித்திர நிகழ்ச்சியொன்று என் நினைவுக்கு வரும்.

பதினாறாம் லூயி மன்னனின் பட்டத்தரசி மேரி அன்ரனெற். அவளைப் பலமுறை சித்திரமாகத் தீட்டியவர் எலிசபெத் விஜே லெ புறூன் என்னும் அம்மையார். 1783ஆம் ஆண்டில் அரசியை எளிய வெண்மஸ்லின் உடையில் அவர் வரைந்தார். உள்ளாடையுடன் நிற்கிறாள் என ஊரார் தூற்றினர். சித்திரம் கண்காட்சியினின்றும் அகற்றப்பட்டது. 1787இல், குழந்தைகள் சூழ்ந்திருக்கும் அன்னையாக அரசியை எழுதினார். அருகே வெறுந்தொட்டில் ஒன்று. அவ்வாண்டில்தான் கைக்குழந்தையொன்றை அவள் பறிகொடுத்திருந்தாள். கெட்ட பெயரைப் போக்கவென எழுதப்பட்ட அச்சித்திரமும் மக்கள் மனத்தை மாற்றவில்லை.

மறு ஆண்டு, மைசூர் மன்னன் திப்பு சுல்தானின் தூதுவர் மூவர், புதுச்சேரியிலே கப்பலேறிப் பாரிஸ் நகரை அடைந்தனர். ஆங்கிலேயருக்கு எதிராகப் படையுதவி கேட்பது அவர்கள் நோக்கம். அவர்களுடைய தோற்றத்தைக் கண்டு வியந்த அம்மையார், அவர்களை வரைய விரும்பினார். தூதுவரோ, மன்னனே கேட்டால் இசைவோம் என்றனர். மன்னனும் கேட்டான். முகம்மது தர்வேஷ் கான் உடைவாள் ஏந்தி நிற்க, ஆளுயரச் சித்திரம் உருவாயிற்று.

வர்ணம் உலர்ந்ததும் அதை எடுத்துவர ஆளனுப்பினார் அம்மையார். தூதுவரோ அதனைக் கட்டிலின் பின்னே மறைத்துவைத்துத் தர மறுத்துவிட்டார். சித்திரத்துக்கு இன்னும் ஓர் ஆன்மா வேண்டும் என்பது அவர் சொன்ன காரணமாம்! ஈற்றில் தந்திரத்தாலேயே அதை மீட்டுக்கொண்டதாக அம்மையார் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார்.

தூது பலிக்கவில்லை. கஜானா வறண்டுபோயிருந்த பிரெஞ்சு மன்னனால் படை அனுப்ப இயலவில்லை. 1789இல் புரட்சி வெடித்தது. அம்மையார் தம் சிறுமகளுடன் நாட்டைவிட்டு ஓடினார். 1793இல் மன்னனும் அரசியும் கொலைக்களம் கண்டனர். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் போரில் திப்பு வீழ்ந்தான்.

தூதுவரின் சித்திரமோ நிலைத்தது. 2019இல் நியூயோர்க் ஏலத்தில் எழுபது இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் விலைபோயிற்று. எனினும் அதன் பெருமை விலையில் இல்லை. அரசியின் சித்திரங்கள், பார்ப்போரின் நன்மதிப்பை வேண்டி நின்றன. தர்வேஷ் கானோ யாரிடமும் எதையும் வேண்டாதவராய், தாம் தாமாகவே நின்றார். அவர் கேட்ட ஆன்மா அந்நிமிர்ந்த நிலையிலேயே குடிகொண்டுவிட்டது போலும்! மாணவர்களே, இன்று மாலை உங்கள் வீட்டுப் படத்தின் முன்னும் சற்றே நின்று பாருங்கள்.