அச்சு காட்டும் அடையாளம்

சென்ற வாரம் ஆமணக்கு இலையின் அடியில், பழுப்பு மயிர் போர்த்திய முட்டைக் குவியலோடு நிறுத்தியிருந்தேன். அந்த முட்டைகளை இட்ட அந்துப்பூச்சி எது?

விருத்தாசலத்தைச் சுற்றி நிலக்கடலை போடுகிறவர்களிடம் கேட்டால் ‘புரோடீனியா’ என்பார்கள். மருந்துக் கடையிலும் அதே பெயர்தான். புத்தகத்தில் புகையிலை வெட்டுப்புழு. அறிவியல் பெயர் ஸ்போடாப்டெரா லிட்டூரா. புரோடீனியா என்ற பேரினப் பெயரை வகைப்பாட்டியலார் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. நம் வரப்புகளில் அது இன்னும் புழங்குகிறது. அந்தப் பழைய பெயருக்குள் இரண்டு பூச்சிகள் வெகுகாலம் ஒளிந்திருந்தன.

லிட்டூராவுக்கு 1775இல் டென்மார்க் அறிஞர் ஃபாப்ரீசியஸ் பெயர் வைத்தார். 1833இல் பிரான்ஸ் நாட்டு புவாடுவால், மடகாஸ்கர் பக்கத்துப் பூச்சிகளைப் பற்றி எழுதும்போது லிட்டோராலிஸ் என்று இன்னொன்றைப் பதிவு செய்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பழுப்பு முன்னிறக்கையில் வெளிர்நிறக் கோடுகள் வலைபோல ஓடும், பின்னிறக்கை முத்து வெண்மை. பிரித்துச் சொல்ல ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. அதனால் இரண்டும் ஒன்றே என்று எழுதிவந்தார்கள். எகிப்தில் பருத்தி இலையைச் சல்லடையாக்கியதும் நம்மூரில் கடலை இலையைத் தின்றதும் ஒரே ‘புரோடீனியா லிட்டூரா’ ஆயின. பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பியர் வியெத், 1960களின் தொடக்கத்தில் மடகாஸ்கர் பகுதிப் பூச்சிகளை வைத்து இந்த முடிச்சை அவிழ்த்தார். ஆப்பிரிக்காவிலும் மத்தியதரைக் கடலோரத்திலும் இருப்பது லிட்டோராலிஸ்; ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்பது லிட்டூரா. 1973இல் மோச்சிடா என்ற ஆய்வாளர் புழு, கூட்டுப்புழு, அந்து மூன்று நிலையிலும் வேறுபாடுகளை எழுதி வைத்தார். ஆனாலும் சந்தேகம் வந்தால் கடைசி வார்த்தை அந்தின் வயிற்று நுனிக்குத்தான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. இங்கே பீங்கான் பட்டறைகளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் களிமண் கரைசலை ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச, சுவரோரம் மண் தோல் கட்டும். மிச்சக் கரைசலைக் கவிழ்த்துவிட்டுப் பொம்மையை எடுத்துக் காயவைப்பார்கள். இரண்டு வெவ்வேறு அச்சில் வந்த இரண்டு பிள்ளையார்கள், சுட்டு வண்ணம் பூசிய பிறகு ஒன்றுபோலவே இருக்கும். கவிழ்த்து அடிப்பக்கத்தையும் உட்குழிவையும் அச்சுகள் கூடிய கோட்டையும் பார்த்தால் இது வேறு, அது வேறு என்று தெரிந்துவிடும். அந்தின் இறக்கை மேலே பூசிய வண்ணம். அச்சு உள்ளே இருக்கிறது.

அதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். காய்ந்த அந்தின் வயிற்றை மெல்ல ஒடித்து எடுத்து, பத்து சதவீத காஸ்டிக் பொட்டாஷ் கரைசலில் ஊறவைப்பார்கள். சூடு காட்டினால் சீக்கிரம், இரவு முழுக்க விட்டால் பதம். சதையும் கொழுப்பும் கரைந்துபோகும். கைட்டின் என்ற கெட்டியான பொருளாலான பகுதிகள் மட்டும் மிஞ்சும். நுண்ணோக்கியின் கீழ் ஊசியாலும் மெல்லிய தூரிகையாலும் செதில்களைத் துடைத்து, சாயம் ஏற்றி, விரித்து வைக்க வேண்டும். ஆணிடம் பெண்ணைப் பற்றிக்கொள்ளும் இரண்டு மடல்கள் தெரியும். அவற்றுக்கு நடுவே ஆண்குறியைத் தாங்கும் சிறு தகடு இருக்கும். அதன் பெயர் ஜக்ஸ்டா. லிட்டூராவிலும் லிட்டோராலிஸிலும் அந்தத் தகட்டின் வடிவம் மாறாமல் தனித்தனி. ஆண்குறிக்குள் மடிந்திருக்கும் மெல்லிய பையை வெளியே புரட்டினால் அதிலுள்ள முள் அலங்காரமும் வேறு. பெண்ணிடம் புணர்ச்சிப் பையின் வாயையும் அதிலிருந்து உள்ளே போகும் குழாயையும் அளக்க வேண்டும். ஓர் இனத்தில் இரண்டும் ஒரே நீளம், மற்றதில் நீளம் பொருந்தாது. அவ்வளவு சிறிய இடத்தில் அவ்வளவு தெளிவு. முதன்முறை பார்த்தபோது நான் வெகுநேரம் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இறக்கை ஒன்றுபோல இருக்க, இந்த உறுப்புகள் மட்டும் ஏன் இனத்துக்கு இனம் மாறுகின்றன? 1844இல் லியோன் துஃபூர், பூட்டும் சாவியும் போல என்றார்: தன் இனத்தின் சாவி மட்டுமே பொருந்தும், கலப்பு நடக்காது. 1985இல் வில்லியம் எபர்ஹார்ட் வேறு விளக்கம் தந்தார். பொருந்துவது மட்டுமல்ல, எந்த ஆணின் விந்தைப் பயன்படுத்துவது என்பதைப் பெண்ணின் உடல் உள்ளேயே தேர்ந்தெடுக்கிறது, அந்தத் தேர்வுதான் ஆண் உறுப்பை இவ்வளவு விதமாகச் செதுக்கியது என்றார். எனக்கு எபர்ஹார்ட் சொல்வதே சரியாகப் படுகிறது. பூட்டு ஒருபோதும் இவ்வளவு அலங்காரத்தைக் கேட்காது.

இது காட்சிப் பெட்டிக்கான அக்கறை இல்லை. இனக்கவர்ச்சிப் பொறியில் வைக்கும் வாசனையின் முக்கியப் பொருள் லிட்டூராவுக்கும் லிட்டோராலிஸுக்கும் ஒன்றே. பொறி பிரித்துத் தராது. இரண்டுமே ஐரோப்பாவில் தடுப்புப் பட்டியலில் உள்ளவை. சரக்கோடு போன புழுவை அந்தாக வளர்த்து, பிறகு அறுத்துப் பார்த்துத்தான் வெகுகாலம் பெயர் சொன்னார்கள். இப்போது டி.என்.ஏ. சோதனை துணைக்கு வந்திருக்கிறது.

இதற்கிடையில் ஆப்பிரிக்கா வழியாக மூன்றாவது ஒன்று நம் வாசலுக்கே வந்துவிட்டது. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சியான ஸ்போடாப்டெரா ஃப்ரூகிபெர்டா, 2016இல் மேற்கு ஆப்பிரிக்க மக்காச்சோளத்தில் தென்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைப் பிடித்தது. நாம் படைப்புழு என்கிறோம். சிவமொக்காவிலும் புழுவின் குறிகளோடு நிற்காமல், ஆண் உறுப்பையும் டி.என்.ஏ.வையும் பார்த்த பிறகே பெயரை உறுதி செய்தார்கள். புழுவாக இருந்தால் நமக்கு வேலை சுலபம்: தலையில் தலைகீழ் ‘ஒய்’, வால்பக்கத்தில் சதுரமாய் நான்கு புள்ளி. ஆண் அந்துக்கு முன்னிறக்கை நுனியில் வெள்ளைத் திட்டு உண்டு. பெண்ணுக்கு அதுவும் கிடையாது.

எங்கள் தெருவில் கடலையும் பக்கத்திலேயே மக்காச்சோளமும் போட்டிருக்கும் ஒருவர், விளக்குப்பொறியில் விழுந்தவற்றை ஊறுகாய் பாட்டிலில் அள்ளிக்கொண்டு வந்தார். “தம்பி, இதுல எது படைப்புழு, எது புரோடீனியா? ஒரே மருந்து ரெண்டுக்கும் கேக்குமா?” என்றார். இரவெல்லாம் படபடத்ததில் செதில் உதிர்ந்து, இறக்கைகள் வெறும் கண்ணாடித் தாளாய்க் கிடந்தன. அவர் கேள்வி நியாயமானது. லிட்டூராவைக் கொல்லும் என்.பி.வி. நச்சுயிரி படைப்புழுவிடம் அவ்வளவாக எடுபடாது. லிட்டூராவுக்கான கவர்ச்சி வில்லையை மக்காச்சோளத்தில் மாட்டினால் படைப்புழு அந்து திரும்பிக்கூடப் பார்க்காது. பெயர் தப்பினால் காசும் பட்டமும் போயிற்று.

“நாளைக்கு வாங்கண்ணே” என்று சொல்லி, நான்கு ஆண்களின் வயிற்றை ஊறவைத்தேன். மறுநாள் காலை அவரையே நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னேன். மூன்றில் மடல் நீண்டு ஒடுங்கியிருந்தது. நான்காவதில் மடல் அகன்று, கிட்டத்தட்டச் சதுரமாக இருந்தது.

“இது மட்டும் வேற அச்சு” என்றார்.

அந்த நான்காவதைக் கிளிசரின் விட்ட சின்னக் குப்பியில் போட்டு, அந்து குத்தியிருந்த அதே ஊசியில் கீழே செருகினேன். சீட்டில் ஊரும் தேதியும் எழுதி, ஃப்ரூகிபெர்டா, ஆண் என்று குறித்தேன். அவர் அதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு மக்காச்சோளக் கொல்லைக்குக் கிளம்பிவிட்டார், குருத்தைப் பிரித்துப் பார்க்க.

(தொடரும்)