பூமலையின் எட்டு மூலை மேடை

செமோரிலிருந்து சுங்கை சிப்புட் வழியாகக் கோலகங்சார் போனால், அங்கே ஒரு கிழட்டுப் பால்மரத்தைப் பார்க்கலாம். 1877இல் சிங்கப்பூரின் பூமலை என்னும் தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த ஒன்பது கன்றுகளில் அதுவும் ஒன்று. நம் தோட்டங்களுக்கெல்லாம் தாய்வீடான அந்தப் பூமலையில், மேட்டின் உச்சியைச் சமப்படுத்திய இடத்தில் எட்டு மூலையோடு ஒரு மேடை நிற்கிறது. பேண்டு வாத்தியத்துக்காக 1930இல் கட்டியது. பட்டாளத்து பேண்டுகள் அதற்கு முன்பே, 1860களிலிருந்தே, அங்கே வாசித்துவந்தன.

பார்த்தால் நம்மூர் மண்டபம் மாதிரிதான், தூண்களும் கூரையும். ஆனால் அதுவும் ஒரு வாத்தியம்தான் என்பேன்.

வெட்டவெளியில் இசைக்கு எதிரி தூரம். இரண்டு மடங்கு தள்ளிப் போனால் ஒலியின் செறிவு கால்பங்காகிவிடும். மூடிய அரங்கமென்றால் சுவர்கள் திருப்பித் தரும்; பூங்காவில் யார் தருவார்? அதனால்தான் தரையை உயர்த்தினார்கள்: முன்வரிசைக்காரர்களின் உடம்பு ஒலியை விழுங்கிவிடாமல் அது தலைக்கு மேலே போகும். வானத்துக்குப் போய் வீணாகும் பங்கைக் கூரை மடக்கி அனுப்பும். அது கேட்பவர்களைவிட வாசிப்பவர்களுக்கே பெரிய உதவி. பக்கத்திலிருப்பவரின் சுருதி காதில் விழாவிட்டால் பேண்டு கலைந்துவிடும். சுற்றிலும் ஆட்கள் உட்காருவதால் வட்டம் வேண்டும். நேர்மரத்தைக் கொண்டு வட்டத்துக்குக் கிட்டத்தட்ட வர எட்டு மூலை எளிய வழி. தூண்கள் மெலிதாக இருப்பது, பார்வையை மறைக்காமல் இருக்க. லண்டனில் 1861இல் ஒரு தோட்டத்தில் எழுந்த மேடைகளுக்குப் பிறகு பிரிட்டிஷ் கொடி பறந்த ஊர்களிலெல்லாம் இந்த அமைப்பு பரவியது.

நம் நாயனக்காரருக்கு இத்தனையும் தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம். சீவாளி எழுப்பும் கூர்மையான மேல்சுரங்கள், காது மிக நன்றாகப் பிடிக்கும் அதிர்வெண்களில் விழுகின்றன. தோட்டத்துக் கோயிலில் வாசித்தால் லயத்தின் கடைசி வீடு வரை கேட்கும். வயலினைக் கொண்டுபோய் அங்கே வைத்தால் பத்தாவது மரத்தோடு சரி. பேண்டு மேடைகளில் பித்தளைக் குழல்களும் முரசுகளும் ஆண்டதற்கும் காரணம் இதுவே.

ஒலிபெருக்கி வந்ததும் கூரையின் வேலை போயிற்று. பூமலையில் இப்போது கச்சேரி நடப்பது ஏரி நடுவிலுள்ள வேறொரு மேடையில். பழைய மேடைக்குக் கல்யாண ஜோடிகள் வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.