பழைய டிரைவர், புதிய விண்டோஸ்

இயங்குதளத்தின் நடுக்கரு கெர்னல். அந்தக் கெர்னலுக்கும் பிரிண்டர், ஸ்கேனர் போன்ற கருவிகளுக்கும் நடுவே நின்று பேசுவது டிரைவர். 2007 ஜனவரி இறுதியில் விண்டோஸ் விஸ்டா விற்பனைக்கு வந்தபோது, முந்தைய நாள் வரை எக்ஸ்பியில் நன்றாக ஓடிய பல கருவிகள் ஊமையாயின. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மஞ்சள் ஆச்சரியக்குறி. கருவிகளில் ஒரு பழுதும் இல்லை. திரைக்கும் ஒலிக்குமான டிரைவர் அமைப்பை மைக்ரோசாஃப்ட் அடியோடு மாற்றியிருந்தது. 64-பிட் பதிப்போ கையொப்பமில்லாத கெர்னல் டிரைவர்களை ஏற்க மறுத்தது. 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7-இல் அந்தத் தொல்லை பெரிதும் தணிந்தது. அது விஸ்டாவின் டிரைவர் அமைப்பையே பெரும்பாலும் வைத்துக்கொண்டது. அதன் உள்பதிப்பு எண்ணே 6.1, விஸ்டாவுடையது 6.0. ஆகவே கருவியின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் மோட்டாரோ சிப்போ மட்டுமல்ல. டிரைவரும் இயங்குதளமும் பேசிக்கொள்ளும் எல்லை மாறாமல் இருக்கிறதா என்பதும்தான்.

அந்த எல்லை எவ்வளவு மெல்லியது என்பதற்கு ஒரு உதாரணம். கெர்னல் ஒரு தகவல் தொகுப்பை டிரைவரிடம் நீட்டுகிறது. அதன் 8-ஆவது பைட்டில் நீளம் இருக்கும் என்று நம்பி டிரைவர் எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த பதிப்பில் யாரோ அதற்கு முன்னால் 4 பைட் புதிதாக நுழைக்கிறார். பழைய டிரைவர் அதே 8-ஆவது பைட்டைப் படித்து, வேறெதையோ நீளம் என்று எடுத்துக்கொள்கிறது. அது கெர்னலுக்குள்ளேயே ஓடுவதால் கம்ப்யூட்டர் முழுவதும் விழுந்துவிடுகிறது.

அப்படியானால் எல்லையை மாற்றவே கூடாதா? லினக்ஸ்காரர்கள் இதைக் கடுமையாக எதிர்க்கிறார்கள். கெர்னலுக்குள் நிலையான எல்லை வேண்டாம் என்று லினக்ஸ் கெர்னலைப் பராமரிப்பவர்களில் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் ஒரு ஆவணமே எழுதியிருக்கிறார். யுஎஸ்பி பகுதியைப் பலமுறை திருத்தி எழுத முடிந்ததே அந்தச் சுதந்திரத்தால்தான் என்பது அவர் வாதம். பழைய எல்லையைக் காத்தால் பழைய ஓட்டைகளையும் காக்க வேண்டியிருக்கும். நியாயமான பேச்சு. ஆனால் அதற்கு ஈடாக அவர்கள் ஒரு பொறுப்பையும் ஏற்கிறார்கள்: டிரைவரின் மூலநிரல் கெர்னலோடு சேர்ந்திருந்தால், எல்லையை மாற்றுபவரே அதையும் திருத்தித் தருவார். மூலநிரலைப் பூட்டி வைக்கும் நிறுவனத்தின் கருவிக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஆண்ட்ராய்டு போன்களுக்குப் புதிய பதிப்புகள் வருவது தாமதமானதற்கு இதுவும் ஒரு காரணம். 2017-இல் ஆண்ட்ராய்டு 8-உடன் வந்த ட்ரெபிள் திட்டத்தில், இயங்குதளத்துக்கும் சிப் நிறுவனத்தின் மென்பொருளுக்கும் நடுவே கூகுள் நிலையான எல்லை ஒன்றை வகுக்க வேண்டியதாயிற்று.

பத்தாண்டுப் பழைய ஸ்கேனருக்கு யார் சம்பளம் கொடுத்து டிரைவர் எழுதுவது என்று நிறுவனங்கள் கேட்கும். எழுத வேண்டாம், ஆதரவை நிறுத்தும் நாளில் அதன் மொழியையாவது வெளியிடட்டும், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். அதைவிட நல்ல வழியைப் பென் டிரைவ் காட்டியிருக்கிறது. விண்டோஸ் 98-இல் அதற்கெனத் தனி டிரைவர் போட வேண்டியிருந்தது. எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே பொது விதிப்படி பேசத் தொடங்கி, அந்த விதியை இயங்குதளமும் கற்றுக்கொண்ட பிறகு அந்த வேலையே இல்லை. பிரிண்டர்களும் இப்போது அந்தப் பாதைக்கு வந்திருக்கின்றன. அடுத்த முறை பிரிண்டர் வாங்கும்போது பெட்டியில் ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா என்று அந்தப் பொது விதிகளின் பெயர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.